மோட்டாரிடம் சொல்லிவைத்தது

செப்டம்பர் 18, வியாழன்

பணி நியமனக் கடிதம் இன்று தபாலில் வந்தது. உடுமலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் உதவி நூலகர் வேலை. அக்டோபர் 6, திங்கட்கிழமை, காலை எட்டரைக்குள் சேர வேண்டும். கடிதத்தை நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தேன்.

இங்கிருந்து முப்பத்தோரு கிலோமீட்டர். முதல் பஸ் அங்கே போய்ச் சேர்வது ஒன்பது பத்துக்கு. நூலகத்தைத் திறக்க வேண்டியவளே நாற்பது நிமிடம் பிந்தி வந்தால் எப்படி? ஆகவே எல்லாம் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும் மாமாவின் பழைய வெள்ளைக் காரைப் பொறுத்தது. எனக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. கார்தான் ஒரு வாரமாகச் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது.

என் கணவன் கௌதம் புனேயிலிருந்து போனில் குதித்தான். "எங்கப்பா என்ன சொன்னாரு?"

"அவரு எங்கிட்ட எப்பப் பேசியிருக்காரு, இன்னிக்குச் சொல்றதுக்கு?"

இந்த வீட்டு வழக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். மாமனார் மருமகளிடம் நேரே பேசுவதில்லை. கோபமெல்லாம் இல்லை, மரியாதை. மாமாவின் அப்பாவும் அத்தையிடம் கடைசிவரை நேரே பேசியதில்லையாம். மாமா சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அத்தை என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு முறை சொல்வார். நான் பதிலை அத்தையிடம் கொடுப்பேன். கல்யாணமாகி வந்து நான்கு மாதம் பதினொரு நாள் ஆகிறது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சு குறைந்த வீடுகள் படிப்பதற்கு வசதியானவை.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் டிக். பால் சொசைட்டி முன்னால் மூன்று பேர் தள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், அவர்கள் தள்ளுவது வேறு யாருடைய காரையோ என்பதுபோல.

செப்டம்பர் 20, சனி

காலைச் சாப்பாட்டின்போது மாமா இட்லியைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கார நம்பி அனுப்ப முடியாது."

அத்தை என்னிடம் திரும்பி, "கார நம்பி அனுப்ப முடியாதாமா, கண்ணு" என்றார்.

"கேட்டுதுங்கத்தை."

"நடுரோட்டுல நின்னா ஒத்தப் பொம்பள எப்படித் தள்ளுவா?" என்று இட்லியிடம் மேலும் சொல்லிவிட்டு மாமா கை கழுவ எழுந்தார்.

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. இட்லித் தட்டுகளைத் தேய்க்கும்போது கொஞ்சம் சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சலீம் பாயின் ஆட்டோ எலெக்ட்ரிக் கடைக்குக் காரைக் கொண்டுபோனோம். பாய் பானெட்டைத் திறந்து, உள்ளே ஒரு உருளையை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டி, "இப்ப அடிங்க" என்றார். கார் உடனே எடுத்தது.

"ஸ்டார்ட்டர் மோட்டாருங்க. கார்பன் தேஞ்சுபோயிருக்கும். கழட்டிப் பாக்கணும். ஆனா ஆயுத பூஜ வரைக்கும் வேல நெறஞ்சு கெடக்கு. அஞ்சாந்தேதிக்கு மேல கொண்டாங்க."

அஞ்சாம் தேதிக்கு மேல் என்றால் ஆறாம் தேதி. நான் என்ன பேசினேன் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது: "பாய், வேற யாரோட மோட்டாராவது பிரிச்சு வெச்சிருந்தா, ஒருக்காப் பாத்துக்கலாமுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். ஒரு டிராக்டருடையது. நடுவில் செம்புப் பட்டைகள் சுற்றிய ஒரு தண்டு. அதை நான்கு பக்கமிருந்தும் நான்கு கரித்துண்டுகள் அழுத்திக்கொண்டிருக்கின்றன. கரி வழியாகத்தான் தண்டுக்குள் மின்சாரம் போகிறது. தண்டு சுழன்று என்ஜினை எழுப்புகிறது. என்ஜின் எழுந்ததும் இதன் வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று நொடி வேலை. அந்த மூன்று நொடி இல்லையென்றால் மற்ற எதுவும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தையிடம் சொன்னேன், நானே கழற்றிப் பார்க்கிறேன் என்று. அத்தை புரையேறச் சிரித்தார். "அம்மிணி, நீ மிக்ஸி ஜாரையே தலகீழா மாட்டறவ!"

மாமா சிரிக்கவில்லை. மோரை ஊற்றிக்கொண்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

மேசைமேல் ஒரு ஸ்பேனர் பெட்டி. எதிர்வீட்டு போர்வெல் வண்டிக்காரருடையது. யார் வாங்கி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மணிநேரம் வீடியோ பார்த்தேன். பழைய பாலிடெக்னிக் பாடநூல் ஒன்றையும் தேடிப் பிடித்துப் படித்தேன். பாடநூல்தான் மேல். வீடியோக்காரர்கள் கடினமான இடத்தில் பாட்டுப் போட்டு வேகமாக ஓட்டிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கழற்றினோம். 'கழற்றினேன்' என்று எழுதி அடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாமா பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் பானெட்டைத் திறந்தது தண்ணீர் ஊற்ற மட்டும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும், எனக்கும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். நடுவில் அத்தை, முக்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டு.

"மொதல்ல பேட்டரில மைனஸ் ஒயரக் கழட்டோணும்னு சொல்லுங்கத்தை."

"ஏனுங், மைனஸ் ஒயரக் கழட்டோணுமாமா."

"மைனஸ் எதுன்னு கேளு."

"மைனஸ் எதுன்னு கேக்கறாரு."

"கறுப்பு."

"கறுப்பாமா."

"ரெண்டும் கறுப்பாத்தான இருக்குது? அழுக்கு!"

"ரெண்டும் அழுக்காமா, கண்ணு. தொடைக்கச் சொல்லட்டுமா?"

இப்படியே ஒன்றரை மணிநேரம். மேல் போல்ட் வந்துவிட்டது. கீழ் போல்ட் பிடிவாதம். நான் ஸ்பேனரைப் பிடிக்க, மாமா அதன் முனையில் இரும்புக் குழாயை மாட்டி அழுத்த, ஒரு கிரீச். போல்ட் விட்டது. மாமா பின்னால் இருந்த செம்பருத்திச் செடிக்குள் போய் உட்கார்ந்தார்.

அத்தை, "இத நான் அவகிட்டச் சொல்லோணுமா, இல்ல அவளே பாத்துட்டாளா?" என்றார்.

மோட்டார் கைக்கு வந்தது. ஒரு பெரிய தேங்காய் கனம் இருந்தது. முழங்கைவரை கிரீஸ். கண்ணாடியில் பார்த்தபோது நெற்றியிலும் ஒரு கோடு. உடனே கழுவிவிடத் தோன்றவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பிரித்தாயிற்று. பாய் சொன்னது சரி. நான்கு கரித்துண்டுகளும் தேய்ந்து சுண்டுவிரல் நகமளவு ஆகிவிட்டன. செம்புப் பட்டைமேல் கறுப்புப் படலம். மெல்லிய எமரித்தாளால் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து ரோஜா நிறத்தில் செம்பு வந்தது. ஒரு மணிநேரம் வேறு எதுவும் நினைக்கவில்லை. நல்ல புத்தகம் படிக்கும்போதுதான் இப்படி இருக்கும்.

எமரித்தாள் தீர்ந்தபோது, "இன்னொண்ணு இருந்தாப் பரவால்லைங்கத்தை" என்றேன். அத்தை சமையலறையில் இருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. பத்து நிமிடத்தில் மொபட் சத்தம். வாசற்படியில் மூன்று தாள்கள், மூன்று ரகம்.

செப்டம்பர் 26, வெள்ளி

மாமா காலையிலேயே மொபட்டில் கிளம்பி, மத்தியானம்தான் வந்தார். துக்க வீடாம். எந்த ஊர் என்று அத்தை கேட்டதற்கு, "அந்தப் பக்கம்" என்றார். துக்க வீட்டிலிருந்து வந்தவர் குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்ததற்கு அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சலீம் பாயிடமிருந்து புதுக் கரித்துண்டுகள் வந்தன.

செப்டம்பர் 27, சனி

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

புரட்டாசிச் சனி. அத்தை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார். நான் வராந்தாவில் சாக்கை விரித்துப் புதுக் கரித்துண்டுகளை மாட்ட உட்கார்ந்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். நான்கையும் ஒரே நேரத்தில் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால்தான் தண்டு உள்ளே நுழையும். பாடநூல் இதை ஒரே வரியில் கடந்துபோகிறது: 'பிறகு தண்டைப் பொருத்துக.' எழுதியவருக்கு எத்தனை கைகளோ.

இரண்டைத் தள்ளினால் மூன்றாவது துள்ளி வெளியே விழும். ஒரு ஸ்பிரிங் அத்தையின் துளசி மாடம்வரை பறந்தது. ஹேர்பின்களை வளைத்துச் செருகிப் பார்த்தேன். மூன்று நின்றன. நான்காவதைப் பிடித்தால் தண்டைத் தள்ளக் கையில்லை.

மாமா தூணோரம் செய்தித்தாள் வைத்திருந்தார். பத்து நிமிடமாகப் பக்கம் திரும்பவில்லை. பிறகு எழுந்து வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். குனிந்து, மோட்டாரைப் பார்த்துக் கேட்டார்: "இப்பத் தள்ளலாமா?"

மோட்டார் என்ன சொல்லும்? நானும் மோட்டாரைப் பார்த்தே சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் நேரா வரோணும்."

"இப்படியா?"

"கொஞ்சம் எடப்பக்கம்."

"ஏப்பா, உனக்கு எடப்பக்கமா, எனக்கு எடப்பக்கமா?" என்று மோட்டாரை அதட்டினார்.

"மோட்டாருக்கு எடப்பக்கம்."

தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. நான் விரலை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஹேர்பின்னாக உருவினேன். டப், டப், டப், டப். நான்கு கரித்துண்டுகளும் செம்பைப் பிடித்துக்கொண்டன.

"பரவால்லியே," என்றார் மாமா, மோட்டாரிடம். "கெட்டிக்காரத்தனமாத்தான் இருக்குது."

மோட்டாரைத்தான் சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சோதனை. மோட்டாரைத் தரையில் வைத்து, நான் காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஒரு கேபிளை அதன் உடம்பில் கவ்வவிட்டு, மற்றதை முனையில் தொட்டேன். 'ஊய்ங்' என்று பாய்ந்தது பாருங்கள்! என் காலையும் தூக்கிக்கொண்டு அரை அடி நகர்ந்தது. அத்தை முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். மாமா கைதட்டினார். தட்டிவிட்டு, தட்டியது தன் கைதானா என்று பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஒட்டடை, பரண், ஜன்னல் கம்பி, மின்விசிறி. மோட்டாரைக் காரில் மாட்ட நேரமே இல்லை. முதுகு ஒடிந்தது.

அக்டோபர் 1, புதன்

அரிவாள், மண்வெட்டி, தேங்காய்த் துருவி, தையல் மெஷின், என் மடிக்கணினி. நடுவில், வாழையிலைமேல், தனியாக, எங்கள் மோட்டார். தலையிலிருந்து கால்வரை பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ.

"இதாரு பண்ணுனது?" என்றார் அத்தை.

 மாமாவின் வலது காது மடலில் ஒரு வெள்ளிப் புள்ளி இருந்தது.

பூஜையில் வைத்ததை இன்று எடுக்கக்கூடாது. நாளை மாட்டலாம். கற்பூரம் காட்டும்போது என் கண் கலங்கியது. சாம்பிராணிப் புகை அதிகம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மாட்டினோம். எல்லா ஒயரும் சரி. எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவியைத் திருகினேன்.

டிக்.

இன்னொரு முறை. டிக். முன்பைவிட மெல்லிய சத்தம்.

அத்தை, "எலுமிச்சம்பழம் சின்னதாப் போச்சோ?" என்றார். மாமா தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

பேட்டரி சரியாக இருக்கிறது. ஒயர்கள் சரியாக இருக்கின்றன. சரியில்லாதது நான்தான். கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தேன், தவிர்க்க முடியாத காரணத்தால் பணியில் சேர இயலவில்லை என்று. நல்ல நடை. அனுப்பவில்லை.

அக்டோபர் 4, சனி

விடியற்காலையில் படுக்கையிலேயே ஒரு கேள்வி வந்தது. தரையில் ஓடியது காரில் ஏன் ஓடவில்லை?

பாடநூலில் மறுபடி பார்த்தேன். மோட்டாருக்குள் போகும் மின்சாரத்துக்குத் தனி ஒயர் உண்டு. திரும்பி வருவதற்கு ஒயர் கிடையாது. மோட்டாரின் உடம்பு என்ஜினின் உடம்பைத் தொடுகிறதே, இரும்போடு இரும்பு, அதன் வழியாகத்தான் திரும்புகிறது. தரையில் வைத்தபோது நானே உடம்பில் கேபிளைக் கவ்வவிட்டேன். அன்றைக்கு உடம்பில் பெயிண்ட் இல்லை.

வெள்ளிப் பெயிண்ட். இரண்டு கோட். உட்காரும் இடத்தில், போல்ட் துளைக்குள்ளேகூட, ஒரு இடம் விடாமல். பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார்.

கண்டுபிடித்த மகிழ்ச்சி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அத்தை வழியாகச் சொன்னால் அது ஊர் முழுக்க வேடிக்கைக் கதையாகிவிடும். சொல்லாமல் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இன்றும் புரட்டாசிச் சனி. அத்தை கோயிலுக்குப் போனார், மாமா தீவனம் வாங்கப் போனார். மோட்டாரைக் கழற்றி மடியில் வைத்து அவசர அவசரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், தீவன மூட்டையோடு மாமா.

மடியெல்லாம் வெள்ளித் தூள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் தாங்கவில்லை. நான் மோட்டாரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

"மாமா, பெயிண்டுக்குள்ள கரண்ட் போகாதுங்க. மோட்டார் என்ஜினத் தொடற எடத்துல வெறும் இரும்பா இருக்கோணும். மத்த எடமெல்லாம் இப்படியே இருக்கட்டுமுங்க. அழகா இருக்குது."

மூட்டையை இறக்கி வைத்தார். உட்கார்ந்தார். வெகுநேரம் மோட்டாரையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. பயந்துவிட்டேன். சிரிக்கிறார்!

"ஏன்டா," என்றார் மோட்டாரிடம், கண்ணைத் துடைத்தபடி. "மூணு நாளா மண்டைய ஒடச்சுட்டு யோசிக்கறேன்டா. நாந்தானாடா அது?"

இன்னொரு எமரித்தாளை எடுத்துக்கொண்டார். துளையை நான், விளிம்பை அவர். மாட்டினோம். சாவியைத் திருகினேன். முழுதாகத் திருகுவதற்குள் எடுத்துவிட்டது. அணைத்தேன், எடுத்தேன். அணைத்தேன், எடுத்தேன். அத்தை கோயிலிலிருந்து வரும்வரை இதையே செய்துகொண்டிருந்தோம். நேற்று எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒத்திகைப் பயணம். நான் ஓட்ட, பக்கத்தில் மாமா, பின்னால் அத்தையும் ஒரு தூக்குப் போசி எலுமிச்சைச் சாதமும்.

"ருக்கு, வேகத்தட வருதுன்னு சொல்லு," என்றார் மாமா, அத்தை பக்கம் திரும்பி.

"கண்ணு, வேகத்தட வ..."

தடால். எலுமிச்சைச் சாதம் மேலே போய் வந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இந்த வழக்கம் செல்லாது.

"ருக்கு, வளைவுல லாரி வரும், ஒதுங்கச் சொல்லு."

"ஏனுங், மெதுவாச் சொல்லுங், நான் சோத்தப் புடிக்கறதா, சேதி சொல்றதா?"

அடுத்த வேகத்தடை ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. மாமாவின் கை டாஷ்போர்டில் ஊன்றியது.

"யமுனா! பிரேக்கு!"

மிதித்தேன். கார் மெல்ல ஏறி இறங்கியது.  பிறகு அத்தை பின்னாலிருந்து, "அப்ப நான் தூங்கட்டுமா?" என்றார்.

கல்லூரி வாசலில் காவலாளி எழுந்து வந்து மாமாவுக்கு வணக்கம் வைத்தார். "வாங்கய்யா. மருமகளா? அன்னிக்கே சொன்னனே, அந்தப் புங்கமரத்தடில விட்டாச் சாயங்காலம் வரைக்கும் நெழலு."

"என்னிக்கு?" என்றார் அத்தை.

"போன வெள்ளிக்கு முந்துன வெள்ளிக்கெழம. ரோட்டுல எங்கெங்க பஞ்சர் கடை இருக்குதுன்னெல்லாம் ஒரு சீட்டுல எழுதிட்டு வந்தாரே, மொபட்டுல."

அத்தை மாமாவைப் பார்த்தார். "துக்க வீடு?"

மாமா புங்கமரத்தை மிகுந்த அக்கறையோடு பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 6, திங்கள்

எட்டு இருபத்தொன்றுக்கு நூலகத்தைத் திறந்தேன். தூசி, பூட்டிய அலமாரிகள், கிழிந்த அட்டவணை. எவ்வளவு வேலை இருக்கிறது! முதல் பீரியட் முடிவதற்குள் இரண்டு மாணவிகள் வந்து, இங்கே உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டார்கள். மெதுவாகப் பேசலாம் என்றேன்.

மாலை நாலரைக்குக் காரில் ஏறியபோது போன் வந்தது. மாமா என்று திரையில் எழுதியிருந்தது. அந்த எண்ணிலிருந்து இதற்கு முன் எனக்கு அழைப்பு வந்ததில்லை.

"நாந்தான்," என்றார்.

"சொல்லுங்க மாமா."

 அங்கே மழையா என்றார். இல்லை என்றேன். இங்கேயும் இல்லை என்றார்.

"அப்பறம்... ஒரே சாவில எடுத்துச்சா?"

"இன்னும் போடலைங்க. இருங்க."

போனை வைக்காமல் சாவியைத் திருகினேன். எடுத்தது. இறங்கிப் போய், பானெட்டுக்கு மேல் போனை நீட்டிப் பிடித்தேன். வராந்தாவில் நின்ற மாணவிகள் என்னை எப்படிப் பார்த்தார்களோ. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தேன்.

"கேக்குது," என்றார் மாமா. "வா."